உடைந்த அரக்கு முத்திரையை உருக்கி ஒட்டலாமா? பழைய ஆவண முத்திரைகளைக் காப்பது குறித்து

கஸ்பா வாசி, வேலூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளாக இருந்துவரும் ஒரு தீர்ப்பு நகலைப் பற்றி ஆலோசனை கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். என் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஏரிப் பாசன நிலம் ஒன்றைக் குறித்து நடந்த வழக்கில், சித்தூர் நீதிமன்றத்தில் பெற்ற நகல் அது. மொத்தம் ஏழு தாள்கள். இடது ஓரத்தில் சிவப்புப் பருத்தி நாடாவால் கோத்து, நாடாவின் இரு முனைகளையும் கடைசித் தாளில் ஒரு சிவப்பு முத்திரைக்குள் புதைத்திருக்கிறார்கள். முத்திரை பழைய வெள்ளி ரூபாயைவிடச் சற்றுப் பெரியது.

சென்ற மாதம் ஒரு நகலெடுக்கும் கடைக்கு அதைக் கொண்டுபோனேன். முத்திரையின் தடிப்பால் இயந்திரத்தின் மூடி சரியாகப் படியவில்லை என்று அங்கிருந்தவர் கையால் அழுத்தினார். அப்பளம் நொறுங்குவது போன்ற ஓசை கேட்டது. இப்போது முத்திரை மூன்றாகப் பிளந்திருக்கிறது. இரண்டு பகுதிகள் தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று தனியாக வந்துவிட்டது. துவரம்பருப்பு அளவில் ஒரு துணுக்கும் கொஞ்சம் சிவப்புப் பொடியும் உதிர்ந்தன. அவற்றையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வந்தேன்.

கரண்டியின் பின்புறத்தைக் காய்ச்சி விரிசலின் மேல் வைத்தால் அரக்கு இளகித் தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்று என் சித்தப்பா சொல்கிறார். தபால் நிலையத்தில் காப்பீட்டுப் பார்சல்களுக்கு அரக்கு வைத்துப் பழகியவர் அவர். எனக்கோ கை வரவில்லை. இப்படிச் செய்யலாமா? ஆவணத்தை மாடியில் அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில், இரும்பு பீரோவின் மேல்தட்டில், அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழந்தாள், ராணிப்பேட்டை

வணக்கம் ஐயா. ஆவணக் காப்பகம் ஒன்றின் செப்பனிடும் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். தயவுசெய்து கரண்டியைக் காய்ச்ச வேண்டாம். உதிர்ந்த பொடியைக்கூட எடுத்து வந்தீர்களே, பாதி வேலையைத் தாங்களே செய்துவிட்டீர்கள்.

முத்திரை எதனால் ஆனது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் "மெழுகு முத்திரை" என்று நாம் பொதுவாகச் சொல்வது பல பொருள்களைக் குறிக்கும். ஐரோப்பாவில் இடைக்காலத்து முத்திரைகள் தேன்மெழுகில் மரப்பிசின் சேர்த்துச் செய்யப்பட்டவை. பட்டயத்தின் அடியில் நாடாவிலோ தோல்வாரிலோ அவை தொங்கும். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து நம் நாட்டு அரக்கு அங்கே போய்ச் சேர்ந்தபின், அரக்கு, டர்பன்டைன் பிசின், சுண்ணாம்புத் தூள், சாதிலிங்கம் ஆகியவற்றைக் கலந்து குச்சிகளாக வார்த்த முத்திரை அரக்கு பரவியது. கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள் அந்தக் குச்சிகளோடுதான் இங்கே வந்தார்கள். அவலரக்காக, அதாவது அவல் போன்ற மெல்லிய அரக்குச் செதிள்களாகப் புறப்பட்ட பொருள் இப்படி ஊர் சுற்றி நம் அரசு அலுவலகங்களுக்கே திரும்பி வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

தேன்மெழுகு மங்கலாக இருக்கும். நகம் பட்டாலும் தடம் விழும். அரக்கு பளபளப்பாகவும் கடினமாகவும் இருக்கும். உடைந்தால் கண்ணாடிச் சில்லைப் போலக் கூர்மையான, வளைந்த முகங்களோடு உடையும். தாங்கள் சொன்ன அப்பள ஓசையே அது அரக்கு என்று சொல்லிவிட்டது. மூன்றாவதாக ஒரு வகை உண்டு: மாவைப் பிசைந்து சாயமேற்றிச் செய்த மெல்லிய வில்லையை நனைத்து, அதன் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்து அச்சால் அழுத்தியது. பார்வைக்குத் தட்டையான அரக்கு முத்திரை போலவே இருந்தாலும், வெறும் மாவு என்பதால் தண்ணீர் பட்டால் ஊறிவிடும். பூச்சிக்கும் அது நல்ல உணவு.

இனிக் காய்ச்சுவதைப் பற்றி. முத்திரையின் விரிசலும் அதன் மேலுள்ள எழுத்தும் ஒரே பொருளால் ஆனவை. விரிசல் இளகுகிற வெப்பத்தில் எழுத்தின் விளிம்பும் இளகும். விரிசல் மூடுவதற்குள் எழுத்து மழுங்கிவிடும். சிவப்பு நிறம் சாதிலிங்கத்தால் வந்ததென்றால் அது பாதரசக் கூட்டுப்பொருள். நேரடிச் சுவாலை பட்டால் நச்சு ஆவி வெளிப்படக்கூடும். அந்தப் பொடியைத் தொட்டபின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

மாடி அறையிலிருந்து ஆவணத்தை இன்றே கீழே கொண்டுவந்துவிடுங்கள். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. அஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், இரும்புப் பெட்டகத்தின் மேல்தட்டில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரியில்தான். அரக்குக்கு அதற்கும் மேலே வேண்டும். ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே இரண்டும் இளகத் தொடங்கிவிடும். இளகிய நிலையில் மேலே நான்கு பத்திரங்களின் பாரம் இருந்தால், வருடக்கணக்கில் முத்திரை மெல்ல மெல்லத் தட்டையாகும். எந்த நாளில் எழுத்து அழிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்துருண்டையையும் எடுத்துவிடுங்கள். அதன் ஆவி பிசின் வகைகளை இளக்கக்கூடியது.

பொன்வினைஞர், குடியாத்தம்

மேலே உள்ள பதிலைப் படித்ததும் எழுதத் தோன்றியது. மூன்று தலைமுறைகளாக நகை வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. உட்கூடான வளையல்களுக்கும் அட்டிகைக் குண்டுகளுக்கும் அரக்கு நிரப்புவது எங்கள் அன்றாட வேலை. அரக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பது கைக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்: பழைய அரக்கு புதிய அரக்கைப் போல உருகாது.

புதிய அவலரக்கைச் சூடாக்கினால் தேன் போல ஓடும். அதையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் ரப்பரைப் போல இழுபடும். அதற்கும் மேல் காய்ச்சினால் கருகுமே தவிர உருகவே உருகாது. பழைய நகைகளைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் அரக்கும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சூடு காட்டினால் நுரைத்துப் பொங்கி, பஞ்சுபோல் பொத்தலாகிவிடும். நூறு ஆண்டைக் கடந்த முத்திரையின் மேல் காய்ந்த கரண்டியை வைத்தால், அந்த இடம் ஒட்டாமல் கொப்புளம் கட்டவே வாய்ப்பு அதிகம். கூலி கொடுத்து என்னிடம் கொண்டுவந்தாலும் நான் இந்த வேலையைச் செய்ய மாட்டேன்.

இன்னொன்று. முத்திரையைத் துடைக்கக் கைகளுக்குத் தடவும் சானிடைசரையோ ஸ்பிரிட்டையோ எடுத்துவிடாதீர்கள். மர வேலை செய்பவர்கள் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பாலிஷ் செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சானிடைசர் தடவிய ஈரம் காயாத விரலால் தொட்டாலே மேற்பரப்பு பிசுபிசுத்துப் பளபளப்பு போய்விடும்.

கஸ்பா வாசி, வேலூர்

இருவருக்கும் மிக்க நன்றி. பத்திரத்தைக் கீழ்த்தளத்தில் உள்ளறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். சித்தப்பாவும் இந்தப் பதில்களைப் படித்துவிட்டு, "தபால் அரக்கு நாலு நாள் வாழ்வது, இது அப்படியில்லை" என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் எதைக் கொண்டு ஒட்டுவது? நொடியில் ஒட்டும் பசை உதவுமா? முத்திரையின் குழிகளில் கரிய கோடுகள் ஓடுகின்றன. அந்த அழுக்கை எப்படி நீக்குவது?

பழந்தாள், ராணிப்பேட்டை

நொடியில் ஒட்டும் பசை கூடவே கூடாது. ஒருமுறை இறுகினால், முத்திரைக்குக் கேடில்லாமல் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. சுற்றிலும் வெண்மையான படலம் வேறு படியும். எந்தச் செப்பனிடும் வேலையையும் பின்னால் வருபவர் பிரித்துச் சரிசெய்ய முடிய வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி.

சரியாகச் சொன்னால், இப்போது ஒட்டவே வேண்டியதில்லை. தாளோடு இருக்கும் இரண்டு பகுதிகளும் ஆடவில்லையென்றால் அவற்றை அப்படியே விட்டுவிடலாம். தனியாக வந்த பகுதியையும் துணுக்கையும் சிறு பெட்டியில் வைத்து, ஆவணத்தோடு ஒரே உறையில் காப்பதே போதுமானது. ஒட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் பயிற்சி பெற்றவர்கள், முத்திரையின் அடிப்புறத்தில் மெல்லிய ஜப்பானியத் தாளை கோதுமை மாப்பசையால் பாலம் போலக் கட்டித் தாங்கவைப்பார்கள். தேன்மெழுகு முத்திரைகளில் பெரும்பகுதி உடைந்துபோயிருந்தால், முன்காலத்தில் புதிய மெழுகை உருக்கி ஊற்றி வட்டத்தை முழுமையாக்குவதுண்டு. இன்றும் தாங்கலுக்காக அப்படி நிரப்புபவர்கள், நிரப்பிய பகுதியில் எழுத்தையோ உருவத்தையோ செதுக்குவதில்லை; எது பழையது, எது புதியது என்று பார்த்தவுடன் தெரியும்படி வெறுமையாக விடுவார்கள்.

கரிய கோடுகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவை அழுக்கு அல்ல. அரக்குக் குச்சியை விளக்குச் சுடரில் காட்டி உருக்கும்போது சுடரின் புகைக்கரி உருகிய அரக்கோடு கலந்து, சொட்டும்போது சுழிசுழியாக உள்ளே நின்றுவிடும். முத்திரை வைத்த அந்த நிமிடத்தின் தடம் அது. தூசியை மட்டும் மிக மென்மையான ஓவியத் தூரிகையால், நனைக்காமல், ஓரத்திலிருந்து வெளிநோக்கித் தட்டிவிடுங்கள். விரிசலின் விளிம்புகளைத் தூரிகையாலும் தொட வேண்டாம். தண்ணீரும் வேண்டாம், அரக்குக்கு உடனே கேடு வராது என்றாலும், சிவப்பு நாடாவின் சாயம் ஒரு துளி ஈரத்தில் கசிந்து தாள் முழுவதும் ஊறும்.

வரலாற்று ஆசிரியை, ஆற்காடு

இழையைப் படித்துவரும்போது எழுந்த ஐயம். எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தாரிடம் பாரசீகத்தில் எழுதிய நவாபு காலத்து ஆவணம் ஒன்று இருக்கிறது. அதன் தலைப்பில் கரிய முத்திரை உள்ளது. அதுவும் அரக்கு என்றே அவர்கள் சொல்கிறார்கள். தொட்டால் தடிப்பே இல்லை.

பழந்தாள், ராணிப்பேட்டை

அது மை முத்திரை அம்மா. முகலாயர் வழிவந்த அலுவலகங்களில், ஆவணத்தின் மேல் உலோகத்திலோ கல்லிலோ வெட்டிய முத்திரையை மையில் தோய்த்துப் பதிப்பதே வழக்கம். ஆட்சியாளர்களின் கடிதங்களைச் சரிகைப் பையில் இட்டு, அந்தப் பையின் கயிற்றில்தான் அரக்கோ மெழுகோ வைத்து முத்திரையிடுவார்கள். பை பிரிந்து போய்விட்டதால் முத்திரையும் போய்விட்டது. அந்தக் கரிய மை விளக்குக்கரியைக் கோந்தில் குழைத்தது. ஈரம் பட்டால் கரைந்து பரவும். அரக்குக்கு வெப்பம் பகை. இந்த மைக்குத் தண்ணீர் பகை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தாலும் இந்த வேறுபாட்டை உறையின் மேல் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வரலாற்று ஆசிரியை, ஆற்காடு

மிக்க நன்றி ஐயா. மாணவர்களுக்கு இதை அப்படியே சொல்வேன். இந்த வட்டாரத்து ஆவணங்களில் இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்று இப்போது புரிகிறது. 1801-இல் கருநாடக நவாபோடு செய்த உடன்படிக்கையால் ஆட்சி கும்பெனியின் கைக்குப் போனது. மை முத்திரைகளின் இடத்தில் அரக்கு முத்திரைகள் வரத் தொடங்கின. வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராகச் சித்தூரே 1911 வரை இருந்ததால்தான், வேலூர்க் குடும்பங்களின் பழைய வழக்குத் தாள்களில் சித்தூர் முத்திரை காணப்படுகிறது. பிற்காலத்தில் அது ஆந்திரத்தின் ஊராகிவிட்டதால், "இது நம் ஊர்ப் பத்திரமில்லை" என்று தூக்கிப்போட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

வழக்குரைஞர், வாலாஜாபேட்டை

சட்டப் பக்கத்திலிருந்து ஒரு சொல். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு, முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணம் உரிய காவலிலிருந்து வந்தால் அதன் கையெழுத்து முதலியவை உண்மையானவை என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமும் அந்த ஊகத்தைத் தொடர்கிறது. "உரிய காவல்" என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தானாக உடைந்த முத்திரை யாருக்கும் ஐயத்தைத் தராது. உருக்கி ஒட்டிய முத்திரையோ, "இதை ஏன் திறந்தார்கள், நாடாவை அவிழ்த்துத் தாளை மாற்றினார்களா" என்ற கேள்வியை எழுப்பும். ஏழு தாள்களையும் ஒன்றாகக் கட்டி, ஒரு தாளையும் நீக்கவோ சேர்க்கவோ முடியாதபடி செய்வதற்காகத்தான் அந்த நாடாவின் முனைகளை அரக்குக்குள் புதைத்தார்கள். ஆகவே எந்த நிலையிலும் நாடாவை வெட்ட வேண்டாம். உடைந்த நாள், உடைந்த விதம், அப்போது உடனிருந்தவர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஆவணத்தோடு வையுங்கள்.

பழந்தாள், ராணிப்பேட்டை

வழக்குரைஞர் ஐயா சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நன்றி.

கஸ்பா ஐயா, பெட்டி செய்யும் முறையை விரிவாகவே எழுதுகிறேன். இதில்தான் எல்லாம் இருக்கிறது. முத்திரையுள்ள ஆவணத்தைத் தாளைப் பிடித்துத் தூக்கக் கூடாது. தாள் வளையும், அரக்கு வளையாது, அந்த இடத்தில் அது தெறித்துவிடும். எனவே ஆவணத்தைவிடச் சுற்றிலும் இரண்டு விரற்கடை பெரிதான, அமிலமற்ற கெட்டி அட்டை ஒன்றின் மேல் அதை நிரந்தரமாகக் கிடத்துங்கள். தூக்குவது, நகர்த்துவது எல்லாம் அந்த அட்டையோடுதான். அதே அட்டையில் சட்டம் போல நடுப்பகுதியை வெட்டியெடுத்த அடுக்குகளைச் சுற்றிலும் அடுக்கி, முத்திரையின் உயரத்தைவிடக் குறைந்தது மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வரும்படி எழுப்புங்கள். அதன் மேல் மூடி அட்டை வந்தால், முத்திரையை எதுவும் தொடாது. மேலே வேறு பெட்டி வைத்தாலும் பாரம் சட்டத்தின் மேல்தான் இறங்கும்.

தனித் துண்டுக்கு, தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வருமே, அந்த வெள்ளைப் பாலிஎத்திலீன் நுரைத்தாளில் துண்டின் வடிவத்துக்கே குழி வெட்டுங்கள். மெத்தையில் வரும் மஞ்சள் நுரை வேண்டாம். சில ஆண்டுகளில் அது பொடிந்து பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். பூச்சி பயத்தால் ஆவணத்தை உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைக்கும் பழக்கம் சிலரிடம் வந்திருக்கிறது. முத்திரையுள்ள ஆவணத்துக்கு அதுவும் ஆகாது, குளிரில் அரக்கு மேலும் நொறுங்கும்.

பெட்டிக்குள் வைப்பதற்கு முன் படம் எடுங்கள். அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கை முத்திரையின் மட்டத்திலேயே தாழ்வாகப் பிடித்து, கிழக்கிலிருந்து ஒரு படம், வடக்கிலிருந்து ஒரு படம் என எட்டுத் திசைகளிலும் எடுத்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்துகள் நிழலில் எழுந்து வரும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைக்க மறவாதீர்கள். கூடுதல் உதவி தேவையென்றால், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் ஆலோசனை கேளுங்கள். 1930-களிலிருந்து இயங்கிவரும் கூடம் அது.

பொன்வினைஞர், குடியாத்தம்

துண்டை எடுக்க நகைச் சாமணத்தைப் பயன்படுத்தாதீர்கள். முனை பட்ட இடத்தில் தெறிக்கும். ஒரு தாளைத் துண்டின் கீழே மெல்லச் செலுத்தி, தாளோடு ஏந்துங்கள். கல் பதிக்கும்போது சிறு கற்களை நாங்கள் அப்படித்தான் ஏந்துவோம்.

கஸ்பா வாசி, வேலூர்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பெட்டி முடிந்தது. முத்திரையின் உயரம் ஐந்து மில்லிமீட்டர் இருந்தது. சட்டத்தை ஒன்பதுக்கு எழுப்பினோம். அட்டையைச் சித்தப்பாதான் வெட்டினார். கை நடுங்காமல் நேராக வெட்ட எங்கள் வீட்டில் அவரைத் தவிர வேறு யாராலும் முடியாது.

விளக்கைத் தாழ்த்திப் படம் எடுத்தபோது கண்டதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மேற்கிலிருந்து ஒளி விழுந்த படத்தில், எழுத்து வளையத்துக்கு வெளியே, அரக்கு வழிந்து நின்ற விளிம்பில், ஒரு பெருவிரலின் வரிகள் பதிந்திருக்கின்றன. அரக்கு ஆறுவதற்குள் தாள் நகராமலிருக்க யாரோ விரலால் பிடித்திருக்கிறார். ஒன்பது வரிகளை எண்ண முடிகிறது. விரிசல் ஒன்று அந்த வரிகளுக்கு அரை விரற்கடைக்கு இப்பால் ஓடி நிற்கிறது. கரண்டியை வைக்க நினைத்த இடமும் அதுவேதான்.

துவரம்பருப்பு அளவுத் துணுக்கு எந்த இடத்தைச் சேர்ந்தது என்றும் படத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டோம்; ஒட்டவில்லை, குறித்து மட்டும் வைத்திருக்கிறோம். ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எவ்வளவு நாளுக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்?

பழந்தாள், ராணிப்பேட்டை

படித்ததும் நெஞ்சு நிறைந்தது ஐயா. அந்த விளிம்பை இனி யாரும் விரலால் தொட வேண்டாம்.

ஆண்டுக்கு இருமுறை போதும்: வெயில் ஏறுவதற்கு முன் பங்குனியில் ஒருமுறை, ஐப்பசி மழை ஓய்ந்தபின் ஒருமுறை. காலை நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திறங்கள். புதிய பொடி உதிர்ந்திருக்கிறதா, விரிசல் நீண்டிருக்கிறதா என்று இப்போது எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பார்த்த தேதியை மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம்.